டெக்கர்ட் மனிதனா, ரெப்ளிகன்டா? முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

'பிளேடு ரன்னர்' 1982 ஜூன் 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. நாற்பது வருடம் தாண்டியும் அதன் ரசிகர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானம் ஆவதாக இல்லை. தப்பியோடிய செயற்கை மனிதர்களைத் தேடிப்பிடித்துச் சுட்டுக் கொல்வது கதாநாயகன் ரிக் டெக்கர்டின் வேலை. அந்த டெக்கர்டே ஒரு செயற்கை மனிதன்தானா? 'ஆமாம்' என்பவரும் படத்திலிருந்துதான் ஆதாரம் காட்டுகிறார், 'இல்லவே இல்லை' என்பவரும் படத்திலிருந்துதான் காட்டுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்தது ஒரே படம் அல்ல, அவ்வளவுதான்.

அதற்குள் போகும் முன் ஒன்று. ரோபோ என்றதும் நம் மனதில் வருவது இரும்பும் ஒயரும் கொண்ட எந்திரம். இந்தப் படத்தின் 'ரெப்ளிகன்ட்' அப்படிப்பட்டதல்ல. தசை, ரத்தம், எலும்பு, வியர்வை எல்லாம் உண்டு. உடம்பு முழுக்க ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. கண்களை மட்டும் தனியாகத் தயாரிக்கும் ஓர் ஆளே படத்தில் வருகிறார். நெக்ஸஸ்-6 என்ற புது மாடலுக்கு ஆயுள் நான்கே வருடம். தோலைக் கிழித்துப் பார்த்து 'இதோ எந்திரம்' என்று காட்ட வழியில்லாததால்தான் வாய்ட்-காம்ஃப் என்ற சோதனை தேவைப்படுகிறது. உணர்ச்சியைச் சீண்டும் கேள்விகளைக் கேட்டு, கண்மணி தானாக விரிகிறதா, முகம் சிவக்கிறதா என்று கருவி கவனிக்கும். வழக்கமாக 20, 30 கேள்விகளில் ஆள் பிடிபட்டுவிடுவான். ரெப்ளிகன்ட்களைத் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி டைரலிடம் உதவியாளராக இருக்கும் ரேச்சலைக் கண்டுபிடிக்க நூற்றுக்கு மேல் தேவைப்பட்டன, ஏனென்றால் தான் ரெப்ளிகன்ட் என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவர் ரெப்ளிகன்டாக வாழ முடியும் என்று படம் நிறுவும் இடம் இது. டெக்கர்ட் மீதான சந்தேகம் இங்கிருந்துதான் முளைக்கிறது.

இனி பதிப்புகள். மொத்தம் ஏழு என்று கணக்குச் சொல்வார்கள்; அவற்றில் சில ஓரிரு முன்னோட்டக் காட்சிகளோடும் தொலைக்காட்சி ஒளிபரப்போடும் முடிந்தவை. இந்த விவாதத்துக்கு மூன்று போதும்: 1982 திரையரங்குப் பதிப்பு, 1992 'டைரக்டர்ஸ் கட்', 2007 'ஃபைனல் கட்'. உங்களிடம் இருப்பது எது என்று அறிய உறையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், படத்தையே ஓட்டிப் பாருங்கள். டெக்கர்டின் பின்னணிக் குரல் கதை சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அவனும் ரேச்சலும் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் பறந்தால் அது 1982. பின்னணிக் குரல் இல்லாமல், லிஃப்ட் கதவு மூடியதும் படம் முடிந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அந்த இரண்டையும் பிரித்தறிய காவல் அதிகாரி பிரையன்ட் பேசும் காட்சிக்குப் போங்கள். தப்பி வந்த ஆறு ரெப்ளிகன்ட்களில் மின்வேலியில் கருகியது ஒன்று என்றால் 1992, இரண்டு என்றால் 2007. இந்த ஒன்று, இரண்டு விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன், அது ஒரு தனிக் கூத்து.

பச்சை மலைக் காட்சி இயக்குநர் ரிட்லி ஸ்காட் விரும்பி வைத்ததல்ல. 1982 மார்ச்சில் டென்வரிலும் டல்லாஸிலும் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் ரசிகர்கள் குழம்பிப் போனார்கள். தயாரிப்புத் தரப்பு பயந்துபோய் விளக்கவுரையையும் சுபமான முடிவையும் ஒட்டவைத்தது. அந்த மலைக் காட்சிகளில் பெரும்பகுதி ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து எடுத்து மிச்சம் வைத்திருந்த படச்சுருள். அதே சமயத்தில் ஸ்காட் சேர்க்க விரும்பிய ஒரு சிறிய கனவுக் காட்சி வெளியே போனது. மொத்தச் சண்டையும் அந்தச் சில வினாடிகளில் இருக்கிறது.

டெக்கர்ட் பியானோ முன்னால் போதையில் அமர்ந்திருக்கிறான். ஒரு வெள்ளை யூனிகார்ன், நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள குதிரை, காட்டுக்குள் மெதுவாக ஓடி வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சிக்கு வாருங்கள். ரேச்சலைக் கூட்டிக்கொண்டு டெக்கர்ட் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். நடைபாதையில் அவள் காலில் ஏதோ தட்டுகிறது. குனிந்து எடுக்கிறான்: வெள்ளித் தாளில் மடித்துச் செய்த குட்டி யூனிகார்ன். சக காவலர் கேஃபின் கைவேலை. கேஃபுக்கு இது பழக்கம். பிரையன்டின் அறையில் டெக்கர்ட் தயங்கியபோது ஒரு கோழி மடித்தான், கோழை என்று குத்திக்காட்ட. தப்பி வந்த ரெப்ளிகன்ட்களில் ஒருவனான லியானின் அறையில் தீக்குச்சியில் ஒரு மனித உருவம் செய்து வைத்தான். மூன்றாவது, இந்த யூனிகார்ன். டெக்கர்ட் அதைப் பார்க்கிறான், கேஃபின் பழைய வாக்கியம் ஒன்று அவன் காதில் ஒலிக்கிறது, லேசாகத் தலையசைக்கிறான், தாளைக் கசக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போகிறான்.

1982 பதிப்பில் கனவு கிடையாது. அதனால் இந்தத் தாள் பொம்மைக்கு ஒரே அர்த்தம்தான்: 'நான் உன் வீட்டுக்கு வந்தேன், அவளைப் பார்த்தேன், விட்டுவிட்டுப் போகிறேன்.' கனவு சேர்ந்த பதிப்பில் அதே பொம்மை வேறு ஒன்றையும் சொல்கிறது: 'உன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.' அது எப்படித் தெரியும்? படம் இதற்கு முன்பே ஒரு வழியைக் காட்டிவிட்டது. ரேச்சல் யாரிடமும் சொல்லாத சிறுவயது நினைவை, ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு உடலும் பச்சைக் கால்களும் கொண்ட சிலந்தி, அதன் வலை, முட்டை எல்லாவற்றையும் டெக்கர்ட் அவள் முகத்துக்கு நேரே ஒப்பிக்கிறான்; அதைக் குஞ்சுகள் தின்றதை அவளே சொல்லி முடிக்கிறாள். அவை டைரலின் உடன்பிறந்தார் மகளுடைய நினைவுகள், ரேச்சலுக்குள் பதிக்கப்பட்டவை. அவளுடைய நினைவு டெக்கர்டுக்குத் தெரிந்தது போலவே டெக்கர்டுடைய கனவு கேஃபுக்குத் தெரிகிறது என்றால், முடிவு தானாக விழுகிறது. ஒரு வசனம்கூட மாறாமல், நடிப்பு எதுவும் மாறாமல், சில வினாடிப் படச்சுருள் சேர்ந்ததால் ஒரு கதாபாத்திரத்தின் பிறப்பே மாறிப்போன இடம் இது. எடிட்டிங் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

இந்த யூனிகார்ன் ஸ்காட்டின் அடுத்த படமான 'லெஜண்ட்' படத்திலிருந்து எடுத்து ஒட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. 'பிளேடு ரன்னர்' வேலை முடிவதற்குள்ளேயே இந்தப் படத்துக்கென எடுக்கப்பட்ட காட்சி அது. 'லெஜண்ட்' வெளியானது 1985இல். இந்தத் தேதி விஷயத்தில் ரெப்ளிகன்ட் தரப்புக்கு ஒரு பலம் இருக்கிறது: யோசனை பிற்காலத்தில் ஒட்டியதல்ல, ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1992 பதிப்பில் டெக்கர்டின் முகம் மங்கி, யூனிகார்ன் வந்து, மறுபடி முகம் வருகிறது. தூக்கமோ கனவோ என்று சமாளிக்கலாம். 2007இல் ஸ்காட் அதை மாற்றி, கண் திறந்தபடி விழித்திருக்கும் டெக்கர்டின் முகத்தையும் யூனிகார்னையும் மாறிமாறி வெட்டிக் காட்டினார். 1992 முதல் 2007 வரை சென்ற திசை தெளிவு.

பின்னணிக் குரல் போனதும் சும்மா போகவில்லை. 1982 பதிப்பில் டெக்கர்ட் தன் முன்னாள் மனைவியைப் பற்றிப் பேசுவான். உணர்ச்சியற்றவன் என்று அவள் அவனைக் கிண்டல் செய்வாளாம். கடந்த காலம், முறிந்த மணவாழ்வு, சலிப்பு: ஒரு மனிதனுக்கு வேண்டிய வாழ்க்கை வரலாறு அந்தக் குரலில்தான் இருந்தது. குரலை எடுத்ததும் அவனுக்குக் குடும்பம் இல்லை, நண்பன் இல்லை. மிஞ்சுவது பியானோ மேல் அடுக்கியிருக்கும் பழுப்பேறிய புகைப்படங்கள். லியான் புகைப்படங்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறான், ரேச்சல் தான் மனுஷி என்று நிரூபிக்கத் தாயோடு இருக்கும் படத்தை நீட்டுகிறாள். அந்த வரிசையில் டெக்கர்டின் படங்களையும் வைத்துப் பார்ப்பது இயல்பு. ஆனால் இதை நான் பலவீனமான ஆதாரம் என்றே சொல்வேன். புகைப்படம் சேர்த்து வைக்காத மனிதர் யார்? அந்தப் படங்களில் பலவும் நூறாண்டு பழசு போலத் தெரிகின்றன. பொய் நினைவுக்கு முட்டுக்கொடுக்க அவ்வளவு பழசு எதற்கு?

கண் மினுங்கும் காட்சிதான் நுணுக்கமானது. லியானைச் சுட்டுக் கொன்றபின் ரேச்சல் டெக்கர்டின் வீட்டுக்கு வருகிறாள். 'நான் வடக்கே ஓடிவிட்டால் என்னைத் தேடி வருவாயா?' என்று கேட்கிறாள். 'மாட்டேன், உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்கிறான். அவன் அவளுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல் நிற்கும்போது அவன் கண்களில் ஒரு செம்மஞ்சள் மினுமினுப்பு வந்து போகிறது. டைரலின் செயற்கை ஆந்தைக்கும் ரேச்சலுக்கும் மற்ற ரெப்ளிகன்ட்களுக்கும் வரும் அதே மினுமினுப்பு.

ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் இதைச் செய்த முறை எளிமையானது. பாதி வெளிச்சத்தை விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் வைப்பது. பக்கவாட்டிலிருந்து சிறு விளக்கொன்றை அதன்மேல் அடித்தால், வெளிச்சம் திரும்பி லென்ஸ் பார்க்கும் அதே நேர்கோட்டில் நடிகரின் கண்ணுக்குள் போகும். விழித்திரை வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அந்த வழியில்தான் கேமரா இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த வீட்டுப் படங்களில் எல்லார் கண்ணும் சிவப்பாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். வேண்டிய சாயலுக்கு விளக்கின் முன் வண்ணத்தாள் வைத்துக்கொள்ளலாம். இதில் விலை என்னவென்றால், கேமராவுக்கு வரும் வெளிச்சத்தில் பாதி போய்விடும், அதாவது ஒரு ஸ்டாப். விளக்கு கூடினால் நடிகரின் முகமே வெளுத்துவிடும், குறைந்தால் மினுங்காது. தலை சில டிகிரி திரும்பினாலே மினுமினுப்பு அறுந்துபோகும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் விளங்கும். அந்தக் கண்ணாடிக்கு யார் மனிதர், யார் ரெப்ளிகன்ட் என்ற பேதம் கிடையாது. அந்த ஒளிக்கோட்டுக்குள் லென்ஸைப் பார்த்து நிற்கும் எவர் கண்ணும் மினுங்கும். ரேச்சலாக நடித்த ஷான் யங்குக்காக வைத்த வெளிச்சத்துக்குள் ஹாரிசன் ஃபோர்டு தற்செயலாக நுழைந்திருக்கலாம் என்ற விளக்கம் சாக்குப்போக்கு அல்ல, இயற்பியல்படி சரியானது. ஆனால் எடுத்த அன்று தற்செயல் என்றாலும், எடிட்டிங் மேசையில் அதைப் பார்த்தபின் வைத்துக்கொண்டது தற்செயல் ஆகாது. 2007 பதிப்பில் தப்பு திருத்தும் வேலை அவ்வளவு நுணுக்கமாக நடந்தது: பாம்பு வியாபாரியோடு பேசும் காட்சியில் டெக்கர்டின் உதடும் வசனமும் பொருந்தவில்லை என்று ஃபோர்டின் மகன் பென் ஃபோர்டின் வாயைப் படம்பிடித்து கணினியில் ஒட்டினார்கள். உதட்டையே மாற்றியவர்கள் கண்ணை விட்டுவைத்தார்கள். எனக்கு இது ரெப்ளிகன்ட் தரப்புக்கு நல்ல ஆதாரமாகவே படுகிறது. அதே காட்சியில் கொஞ்ச நேரம் கழித்து ரேச்சல் கேட்கிறாள்: 'அந்தச் சோதனையை நீ உனக்கே செய்து பார்த்திருக்கிறாயா?' பதில் வரவில்லை, அவன் தூங்கிவிட்டான்.

இனி அந்த ஆறு பேர் கணக்கு. பழைய பதிப்புகளில் பிரையன்ட் சொல்வது: இரண்டு வாரத்துக்கு முன் ஆறு பேர் தப்பினார்கள், மூன்று ஆண், மூன்று பெண், 23 பேரைக் கொன்றார்கள், ஒருவர் மின்வேலியில் கருகினார். மிச்சம் ஐந்து. படத்தில் வருவதோ ராய், லியான், ஸோரா, பிரிஸ் என்று நான்கு பேர். ஐந்தாவது ஆள் எங்கே? டெக்கர்ட்தான் அவன் என்று குதித்தார்கள் ரசிகர்கள். விடுகதை போலச் சுவையாக இருக்கும், நிற்காது. இரண்டே வாரத்தில் ஒருவனைப் பிடித்து, நினைவை அழித்து, புது நினைவு பதித்து, வீடு கொடுத்து, பல வருடப் பழக்கம் போல பிரையன்ட் அவனிடம் பேசியிருக்க வேண்டும். தன்னோடு தப்பி வந்தவனைப் பார்த்து ராய்க்கோ லியானுக்கோ ஒரு சலனமும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

உண்மைக் காரணம் சினிமாக்காரர்களுக்குப் பழகியது. திரைக்கதையில் மேரி என்று ஒரு பெண் ரெப்ளிகன்ட் இருந்தாள், நடிகையும் தேர்வாகியிருந்தார். செலவு எகிறியதும் பாத்திரத்தைத் தூக்கினார்கள், வசனத்தில் எண்ணைத் திருத்த மறந்தார்கள். 2007இல் ஸ்காட் 'ஒன்று' என்பதை 'இரண்டு' ஆக்கிக் கணக்கை நேர் செய்தார். கவனிக்க வேண்டியது இதைத்தான்: டெக்கர்ட் ரெப்ளிகன்ட் என்று உரக்கச் சொல்பவர் ஸ்காட். அவரே தன் தரப்பு ரசிகர்கள் பிடித்துத் தொங்கிய இந்த 'ஆதாரத்தை'த் தன் கையால் அழித்தார். இன்றும் இதை வாதமாக எடுத்துவருபவர்களிடம் இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

மனிதத் தரப்பின் பெரிய பலம் டெக்கர்டின் உடம்பு. பிரிஸ் கொதிக்கும் நீரில் கையை விட்டு முட்டையை எடுக்கிறாள். லியான் உறைகுளிர் திரவத்துக்குள் கை விடுகிறான். டெக்கர்டோ சந்தித்த அத்தனை பேரிடமும் அடி வாங்குகிறான்: ஸோரா கழுத்தை நெரிக்கிறாள், லியான் தூக்கி எறிகிறான், பிரிஸ் தொடைகளுக்கு நடுவே தலையை இறுக்குகிறாள், ராய் அவன் விரல்கள் இரண்டைக் குச்சி போல ஒடிக்கிறான். வேட்டையாட ஓர் ஆளைச் செய்பவர்கள் இவ்வளவு நோஞ்சானாகவா செய்வார்கள்? இதற்கு மறுதரப்பு ரேச்சலைக் காட்டும். அவளுக்கும் அசாத்திய வலு இருப்பதாகப் படம் எங்கும் காட்டவில்லை. அது பதில்தான், ஆனால் அரைகுறைப் பதில். ரேச்சலைச் செய்தது சோதனைக்காக, டெக்கர்டைச் செய்திருந்தால் அது சண்டைக்காக.

படைத்தவர்களிடம் கேட்டால் தீருமா என்றால், அங்கேயும் ஆளுக்கொரு பேச்சு. 2000இல் பிரிட்டனின் சேனல் 4 ஆவணப்படத்தில் ஸ்காட் டெக்கர்ட் ரெப்ளிகன்ட்தான் என்று சொல்லிவிட்டார். ஃபோர்டு பல வருடம் நேர் எதிராக நின்றார்: திரையில் ரசிகர் பற்றிக்கொள்ள ஒரு மனிதராவது வேண்டும், படப்பிடிப்பில் அப்படித்தான் ஒப்புக்கொண்டோம் என்பது அவர் வாதம். 2023இல் எஸ்கொயர் இதழிடம் பேசும்போது, தான் ரெப்ளிகன்ட் என்று எப்போதுமே தெரியும், அதை எதிர்த்து நிற்கத்தான் விரும்பினேன் என்று திருப்பிப் போட்டார். ராயாக நடித்த ருட்கர் ஹவருக்கு ஸ்காட்டின் முடிவு பிடிக்கவே இல்லை. கடைசிச் சண்டை மனிதனுக்கும் எந்திரத்துக்கும் நடுவே நடப்பதில்தான் அதன் கனம் இருக்கிறது என்பது அவர் பக்கம். கதையாக மட்டும் பார்த்தால் ஹவர் சொல்வதுதான் எனக்குச் சரி. கொல்ல வந்த மனிதனை, சாகப்போகும் எந்திரம் கைபிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறது. அந்த மனிதனும் எந்திரம் என்றால் அது தன் இனத்தானைக் காப்பாற்றியது ஆகிவிடும்.

இந்த யோசனை ஸ்காட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு சுவையான பதில் உண்டு. ஹாம்ப்டன் ஃபேன்சருக்குப் பின் திரைக்கதையைத் திருத்த வந்தவர் டேவிட் பீப்பிள்ஸ். அவருடைய வரைவு ஒன்றின் இறுதியில் டெக்கர்ட், தானும் ராயும் ஒருவகையில் சகோதரர்கள், இருவருமே போருக்குச் செய்யப்பட்ட மாடல்கள் என்ற பொருளில் தனக்குள் பேசிக்கொள்வான். பீப்பிள்ஸ் அதை உருவகமாகத்தான் எழுதினார். ஸ்காட் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, இவனும் ரெப்ளிகன்ட்தான் என்ற யோசனையில் குஷியாகிவிட்டார். மனிதனை மனதில் வைத்து எழுதிய திரைக்கதையின் மேல், ரெப்ளிகன்டை மனதில் வைத்த இயக்குநர் தடயங்களைத் தூவினார். முன்னதன்படி ஃபோர்டு நடித்தார். தடயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுவே. மூலக்கதையான ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலில் குழப்பம் குறைவு. அதில் டெக்கர்ட் தன்னையே சோதனைக்கு உட்படுத்துகிறான். வெளிப்படுவது, பெண் ஆண்ட்ராய்டுகள் (நாவலில் ரெப்ளிகன்ட்களுக்கு அதுதான் பெயர்) மேல் அவனுக்கு இரக்கம் சுரக்கிறது என்பது. இரக்கம் இருப்பதுதான் மனிதனின் அடையாளம் என்று வைத்த கதையில், அது அவன் மனிதன் என்பதற்கான சான்று, வேலைக்குத்தான் ஆபத்து.

2017இல் டெனி வில்நெவ் இயக்கிய தொடர்ச்சி இந்த முடிச்சை அவிழ்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறது. முப்பது வருடம் கழித்து டெக்கர்ட் கிழவனாக வருகிறான். நான்கு வருட ஆயுள் என்னாயிற்று என்று கேட்க முடியாது. ஆயுள் வரம்பில்லாத நெக்ஸஸ்-8 மாடல்களை அந்தப் படம் அறிமுகப்படுத்திவிட்டது. டெக்கர்டின் நாயைப் பார்த்து 'இது நிஜ நாயா?' என்று அந்தப் படத்தின் நாயகன் கே கேட்கிறான். 'தெரியாது, அதையே கேள்' என்பது பதில். நாயைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல அது என்று யாருக்கும் புரியும். நிறுவன முதலாளி வாலஸ், நீ ரேச்சலைக் காதலிப்பதற்காகவே செய்யப்பட்டவனாக இருக்கலாம் என்று டெக்கர்டைச் சீண்டிவிட்டு, அதே மூச்சில் இல்லாமலும் இருக்கலாம் என்று விலகிவிடுகிறான்.

ஆனால் அந்தப் படத்துக்குள் நேரடியான வழி ஒன்று இருக்கிறது. மண்ணைத் தோண்டி எடுத்த எலும்புகள் ரெப்ளிகன்டுடையவை என்று கே கண்டுபிடிப்பது, எலும்பின் மேல் நுண்ணியதாகப் பொறித்த வரிசை எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து. முதல் படத்திலும் டெக்கர்ட் ஒரு செதிலைத் தெருவோர நிபுணரிடம் கொடுத்து, நுண்ணோக்கியில் தயாரிப்பாளரின் எண்ணைப் படித்துத்தான் பாம்பைச் செய்தவனைத் தேடிப் போகிறான். ஆக, செய்யப்பட்ட உயிருக்கு எண் உண்டு. வாலஸுக்கு வேண்டியதோ ரெப்ளிகன்ட் பிள்ளை பெறும் ரகசியம். அந்தப் படத்தில் ரேச்சலுக்குப் பிறந்த பிள்ளையின் தகப்பன் டெக்கர்ட்; அவன் மனிதனா ரெப்ளிகன்டா என்பதைப் பொறுத்து அந்த ரகசியமே மாறும். டெக்கர்டைப் பிடித்து எதிரே உட்கார வைத்த பிறகும், அவன் எலும்பை ஒரு முறை படம்பிடித்துப் பார்க்க வாலஸுக்குத் தோன்றவில்லை. பழைய ஆவணங்களில் தேடலாம் என்றால் 2022 இருட்டடிப்பில் அவை அழிந்துபோனதாகத் திரைக்கதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. கதைக்குள் பார்த்தால் இது ஓட்டை. எழுதியவர்கள் பக்கம் நின்று பார்த்தால், எலும்பைப் பார்த்த மறுநொடி பதில் சொல்லியாக வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாலஸின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.